நூறு எக்டேருக்குச் சாவி, ஒன்றரை சென்ட்டுக்குப் புல்டோசர்

நிலம் என்றதும் நம் மேடைகளில் உரிமை என்ற சொல் வந்துவிடுகிறது. வரவேண்டியதுதான். ஆனால் நிலத்தோடு ஒட்டிய இன்னொரு சொல்லை நாம் அதிகம் பேசுவதில்லை: தடை. ஏரியில் கட்டாதே. சதுப்பில் கொட்டாதே. கடலோரத்தில் தோண்டாதே. பஞ்சமி நிலத்தை மற்ற சாதிக்காரன் வாங்காதே. இந்த நாலும் சட்டம் போட்ட தடைகள். நாலும் காகிதத்தில் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. ஆனால் நாலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. எந்தத் தடை எவன் வீட்டு மேல ஏறுது, எந்தத் தடை எவன் வாசல்ல போய் வாலாட்டுது என்று பார்த்தால் அங்கே சாதி பளிச்சென்று தெரிகிறது.

இதுபற்றி இரண்டு விதமான பேச்சு என் காதில் விழுகிறது. ஒன்று, நகரத்துச் சூழல் ஆர்வலர்கள் பலருடைய பேச்சு. ‘ஆக்கிரமிப்பை அகற்று, ஏரியை மீட்டெடு’ என்கிறார்கள். யார் ஆக்கிரமிப்பாளர் என்று கேட்பதில்லை. கேமராவில் குடிசை விழுகிறது, ஆகவே குடிசைதான் ஆக்கிரமிப்பு. இன்னொன்று, நம் தோழர்கள் சிலருடைய பேச்சு. ‘சுற்றுச்சூழல் சட்டமெல்லாம் பணக்காரன் சட்டம், சேரியைக் காலிபண்ண வந்த சட்டம், எதிர்க்கணும்’ என்கிறார்கள். முதல் பேச்சில் பாதி உண்மை மறைக்கப்படுகிறது. இரண்டாவது பேச்சு கோபம். கோபத்தில் நியாயம் இருக்கிறது, வழி இல்லை.

நான் சொல்ல வருவது இது. இந்தத் தடைகள் நமக்கு வேண்டும். மற்ற எவரையும்விட நமக்குத்தான் அதிகம் வேண்டும். ஆனால் கீழே இருப்பவனுக்குப் பூட்டிக்கொள்கிற பூட்டு மேலே இருப்பவனுக்கு மட்டும் எப்படித் திறக்கிறது, அந்தச் சாவி எவன் மடியில் இருக்கிறது என்று நாம் கேட்டாக வேண்டும். பூட்டை உடைப்பது நம் வேலை இல்லை.

ஏரிக்கரைக்கு நாம் எப்படி வந்தோம்

வருவாய்த்துறைக் கணக்கில் தீர்வை போடாத பொது நிலத்துக்குப் பெயர் புறம்போக்கு. ஏரி, குளம், ஓடை, வாய்க்கால், மேய்க்கால், களம், சுடுகாடு, வண்டிப்பாட்டை எல்லாம் அதில் அடக்கம். அதே சொல்தான் தெருவில் வசவு. ‘போடா பொறம்போக்கு’ என்கிறவன் நிலத்தைத் திட்டுகிறானா, மனுசனைத் திட்டுகிறானா? இரண்டையும்தான். கணக்கில் வராத நிலமும் கணக்கில் வராத ஆளும் அவனுக்கு ஒன்று.

ஊர் நத்தத்தில் நமக்கு மனை கிடையாது. பட்டா நிலத்தில் நாம் கூலி. மிச்சம் இருந்தது ஏரிக்கரையும் ஓடைக்கரையும். பட்டினத்துக்குப் பிழைக்க ஓடிவந்தால் கூவம் கரை, அடையாற்றுக் கரை, பக்கிங்காம் கால்வாய்க் கரை. யாரும் ஆசைப்பட்டு அங்கே போய்க் குந்தவில்லை. மற்றவன் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப்போன இடம் என்பதால்தான் நம்மை அங்கே விட்டுவைத்தான்.

வெள்ளைக்காரன் 1905இல் போட்ட நில ஆக்கிரமிப்புச் சட்டம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. அதன் பெயரால் வருகிற காகிதம் பி-மெமோ. ‘நீ அரசு நிலத்தில் அத்துமீறி இருக்கிறாய்’ என்று சொல்லி தண்டத்தொகை கட்டச் சொல்லும் காகிதம். அந்தக் காகிதத்தையே, இத்தனை வருசமாக இங்கே இருக்கிறோம் என்பதற்குச் சாட்சியாகத் தகரப்பெட்டியில் பத்திரப்படுத்தி வைக்கிற சனம் நம்ம சனம். குற்றப்பத்திரிகைதான் நமக்குக் குடியிருப்புச் சான்று.

வருவாய்த்துறை புறம்போக்கை இரண்டாகப் பிரிக்கிறது. ஆட்சேபணையற்றது, ஆட்சேபணைக்குரியது. முதல் வகையில் வீடு கட்டியிருந்தால் என்றைக்காவது ஒரு நாள் பட்டா கிடைக்கலாம். இரண்டாவது வகை, நீர்நிலை. அங்கே ஐம்பது வருசம் இருந்தாலும் பட்டா கிடையாது. நம் குடியிருப்புகள் பல இரண்டாவது வகையில் மாட்டிக்கொண்டது ஏதோ தற்செயல் போலப் பேசுகிறார்கள். ஊரின் பள்ளத்தில் சேரி இருப்பது என்றைக்குத் தற்செயலாக இருந்தது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘பழைய காலத்தில் ஊரே சேர்ந்து ஏரியைக் காத்தது’ என்று சூழல் கூட்டங்களில் பாடுகிறார்கள். மடை திறந்தவன் யார்? வரப்பு வரப்பாக நடந்து தண்ணீர் பாய்ச்சிய நீர்க்கட்டி யார்? பல ஊர்களில் நம் ஆட்கள்தான். குடிமராமத்து என்ற பெயரில் மண் சுமந்ததும் நம் தோள்தான். அந்த ஏரியில் ஒரு குடம் தண்ணீர் மொள்ள நமக்கு உரிமை இருந்ததா? பொதுச்சொத்து என்று அவர்கள் சொன்னபோதெல்லாம் அந்தப் ‘பொது’வுக்குள் நாம் இருந்ததில்லை. இப்போது அந்தப் பொதுச்சொத்தைக் காப்பதற்காக முதலில் வெளியேற வேண்டியவர்கள் மட்டும் நாம்.

பள்ளிக்கரணையைப் பாருங்கள்

பொத்தாம் பொதுவாகப் பேச வேண்டாம். சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். ஒருகாலத்தில் 5,000 எக்டேருக்கு மேல் பரந்து கிடந்த கழுவெளி. தென்சென்னையைச் சுற்றியுள்ள முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளில் நிரம்பி வழியும் தண்ணீர் இங்கே வந்து தங்கும். பிறகு ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேரும். இது நகரத்தின் வடிகால் மட்டுமல்ல, நிலத்தடி நீருக்கும் இதுதான் தொட்டி.

2007இல் இதில் 317 எக்டேரை அரசு காப்புக்காடாக அறிவித்தது. 2022இல் சுமார் 1,247 எக்டேர் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. உலகம் மதிக்கிற சதுப்பு நிலம் ஆகிவிட்டது. நல்லது. மீதியைத் தின்றது யார்? பெருங்குடியில் பல பத்தாண்டுகளாகக் குப்பை கொட்டியது மாநகராட்சி. ஓரத்தில் சாலை போட்டதும், ரயில் நிலையம் எழுப்பியதும், ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு வளாகம் கட்ட இடம் கொடுத்ததும் அரசு. மென்பொருள் கம்பெனிகளும் அடுக்குமாடிகளும் பின்னாலேயே வந்தன. இதில் எதையும் ஆக்கிரமிப்பு என்று எவனும் சொல்லவில்லை. இதற்குப் பெயர் வளர்ச்சி. திட்ட அனுமதி, தடையில்லாச் சான்று, முத்திரை, கையெழுத்து எல்லாம் இருக்கிறது. நம்மிடம் பி-மெமோ மட்டும்தான்.

கூத்து இதோடு முடியவில்லை. நகரத்தின் ஆற்றங்கரைகளில் இருந்தும் கால்வாய்க் கரைகளில் இருந்தும் நம் சனங்களைத் தூக்கி எங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள்? 2000 முதல் கண்ணகி நகர். பிறகு செம்மஞ்சேரி. பிறகு பெரும்பாக்கம். கண்ணகி நகரில் 15,000 வீடுகளுக்கு மேல், பெரும்பாக்கத்தில் 20,000 வீடுகளுக்கு மேல். குடியேற்றப்பட்டவர்களில் பெரும்பகுதி தலித்துகள். இந்த மூன்று இடங்களும் எங்கே இருக்கின்றன? அதே பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய பள்ளத்தில். நீர்வழியில் இருக்கிறாய் என்று சொல்லித் தூக்கியவர்கள், இன்னொரு நீர்வழியில் கொண்டுபோய் எட்டு மாடியாக அடுக்கி வைத்தார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் தண்ணீரில் நின்றன. வெள்ளம் வடிந்ததும் அரசு செய்த முதல் வேலை, ஆற்றங்கரையில் மிச்சம் இருந்தவர்களையும் அதே பெரும்பாக்கத்துக்கு அனுப்பியது.

2022 ஏப்ரல் கடைசியில், சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் பக்கிங்காம் கால்வாய் ஓரமாக இருந்த வீடுகளை நீதிமன்ற உத்தரவுப்படி இடித்தார்கள். மே மாதத்தில் அங்கே ஒரு பெரியவர் தன்மேல் தீ வைத்துக்கொண்டு செத்துப்போனார். அதே கால்வாயை ஒட்டியும் கால்வாய்க்குள்ளும்தான் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. தூணுக்கு எவனும் நோட்டீஸ் ஒட்டவில்லை.

இது சென்னையின் பழைய பழக்கம். தியாகராய நகர் 1920களில் மாம்பலத்து நெடிய ஏரியின் மேல்தான் எழுந்தது. வள்ளுவர் கோட்டம் நின்ற இடம் நுங்கம்பாக்கம் ஏரி. மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை 2004இல் திறக்கப்பட்ட இடத்தின் பெயர் உலகனேரி. பெயரைப் படித்தாலே போதும். இவற்றை இடிக்கச் சொல்லவில்லை நான். ‘ஏரியில் இருக்கிறாய்’ என்கிற குற்றச்சாட்டை நம்மிடம் மட்டும் சொல்கிறவன் முதலில் தான் எங்கே நின்று பேசுகிறான் என்று குனிந்து பார்க்கட்டும்.

நாலு எல்லை

நான் வங்கியில் குமாஸ்தா. வீட்டுக்கடன் கேட்டு வருகிற கட்டுகளைப் பிரித்துச் சரிபார்த்து அடுக்குவது என் வேலையில் ஒரு பகுதி. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம், வழக்கறிஞர் கருத்துரை. கவிதை எழுதுகிறவன் என்பதால் பத்திரத் தமிழ் எனக்குப் பிடிக்கும். நாலு எல்லை சொல்லும் வரிகளை விடாமல் படிப்பேன். பழைய தாய்ப்பத்திரம் ஒன்றில் ‘கிழக்கே ஏரி உள்வாய், வடக்கே பறைச்சேரி’ என்று இருக்கும். இரண்டு கை மாறியபின் அதே சர்வே எண்ணில் ‘கிழக்கே முப்பதடி ரோடு, வடக்கே மனை எண் 14’ என்று இருக்கும். ஏரியையும் காணோம், சேரியையும் காணோம். வழக்கறிஞர் வில்லங்கம் ஏதுமில்லை என்று எழுதுகிறார். இருபது வருசத் தவணைக்குக் கடன் போகிறது.

அதே கவுண்டருக்கு ஒரு பையன் வந்தான். பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, கல்விக் கடன் வேண்டும். ரேசன் கார்டில் ஆற்றங்கரை முகவரி. வீட்டை இடித்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. ‘நீ இருக்கிற ஏரியா கிளைல போய்க் கேளு’ என்றார்கள் எங்கள் கிளையில். இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி அங்கே போய்க் கேட்டால், ‘இந்த முகவரிக்கு உங்கிட்ட சான்று இல்லியே’ என்றார்களாம். திரும்பி வந்து என்னிடம் கேட்டான்: ‘அண்ணே, அப்ப நான் எந்த ஊருண்ணே?’

வீடு இடிபட்டால் கூரை மட்டும் போவதில்லை என்பதைச் சொல்ல இது போதும். ரேசன், பள்ளிக்கூடம், வேலை, கடன், ஓட்டு எல்லாம் ஒரு முகவரியில் தொங்குகின்றன. வீட்டு வேலைக்குப் போன அம்மாவுக்கு வேலை போகிறது. மீன் விற்றவருக்கு வாடிக்கை போகிறது. இன்னொரு பக்கம், ஏரி உள்வாயில் எழுந்த கட்டடத்துக்குக் கடன் தாராளமாகக் கிடைக்கிறது. ஆக்கிரமிப்பு என்பது கட்டுகிறவன் மட்டும் செய்கிற காரியம் இல்லை. அனுமதிக்கு முத்திரை குத்துகிறவன், பதிவு செய்கிறவன், பணம் கொடுக்கிறவன் எல்லாரும் அதில் பங்காளி. நிலத்தின் மீதான தடை இந்தப் பங்காளிகளையும் பிடிக்காவிட்டால் அது தடையே இல்லை.

2023இல் திறந்த இரண்டு பூட்டு

நீர்நிலையில் எவனுக்கும் எதற்கும் இடமில்லை, சட்டம் எல்லாருக்கும் சமம் என்று சொல்கிறார்கள் அல்லவா? 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஒரு சட்டம் நிறைவேறியது. சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம். 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஒரு திட்டத்துக்கான நிலம் நூறு எக்டேருக்குக் குறையாமல் இருந்து, அதற்குள் ஏரியோ ஓடையோ வாய்க்காலோ மாட்டிக்கொண்டால், அரசு அதைச் சிறப்புத் திட்டம் என்று அறிவிக்கலாம். ஒரு குழு பார்க்கும். பிறகு அரசு நிலத்தையும் திட்டக்காரர் நிலத்தையும் ஒருங்கிணைத்துக் கொடுக்கலாம். நீர்நிலையைக் காக்க நிபந்தனைகள் உண்டு என்பார்கள். இருக்கட்டும். நூறு எக்டேர் என்றால் 247 ஏக்கர். அவ்வளவு நிலம் வைத்திருப்பவனுக்கு, ஏரியைப் பற்றி உட்கார்ந்து பேச ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு குழு. ஒன்றரை சென்ட்டில் குடிசை போட்டவனுக்கு அந்த மேசை எங்கே இருக்கிறது? அவன் சின்னதாக ஆக்கிரமித்ததுதான் குற்றம் போல!

இதே ஆண்டில் தில்லியில் இன்னொரு பூட்டும் திறந்தது. அதைப் புரிந்துகொள்ள நாகை கடற்கரைக்குப் போக வேண்டும்.

1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் நாற்பத்து நான்கு பேரை எரித்த கீழத்தஞ்சை அது. கூலிக்காகப் போராடிய நம் சனம் உழுத வயல்களுக்கு 1990களில் புதிய எதிரி வந்தது: இறால் பண்ணை. நெல் வயல் என்றால் நாற்றுப் பறிக்க, நட, களை எடுக்க, அறுக்க ஆள் வேண்டும். இறால் குட்டைக்கு ஒரு காவல்காரன் போதும். உப்புநீர் பக்கத்து வயலுக்கும் குடிக்கிற கிணற்றுக்கும் ஊறியது. நிலத்தை விற்றவனுக்குப் பணம் வந்தது. நிலமே இல்லாதவனுக்கு வேலையும் போனது, தண்ணீரும் போனது.

நிலமற்ற தலித் பெண்களுக்கு நிலம் வாங்கித் தந்த இயக்கத்தை நடத்திய கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் இதை எதிர்த்து நின்றார்கள். ஜெகந்நாதன் உச்சநீதிமன்றம் போனார். அவர் கையில் இருந்த ஆயுதம் 1991 பிப்ரவரியில் வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று சொல்கிற தடை. 1996 டிசம்பர் 11இல் தீர்ப்பு வந்தது. அந்த எல்லைக்குள் இருக்கும் இறால் தொழில் குட்டைகளை இடிக்க வேண்டும். விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, கிராமப் பொது நிலம் எதையும் இறால் குட்டையாக மாற்றக்கூடாது. கெடுத்தவன் ஈடு கட்ட வேண்டும்.

சூழலுக்காகப் போடப்பட்ட ஒரு தடை, கூலிக்காரச் சனத்தின் கையில் ஆயுதமாக மாறிய நேரம் அது. ‘இது பணக்காரன் சட்டம்’ என்று ஒதுக்கியிருந்தால் அந்தத் தீர்ப்பு வந்திருக்காது.

ஆனால் அந்தத் தீர்ப்பு முழுசாக நடைமுறைக்கு வரவே இல்லை. 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கடற்கரை அறிவிக்கையின் தடை இறால் வளர்ப்புக்குப் பொருந்தாது என்று அதிலேயே எழுதிக்கொண்டார்கள். 2023இல் அதற்கு ஒரு திருத்தம் போட்டு, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இது அனுமதிக்கப்பட்ட தொழில்தான் என்று இன்னும் இறுக்கிக் கட்டினார்கள். நாம் தெருவில் வென்றதை அவர்கள் சட்டப் புத்தகத்தில் ஒரு வரியைச் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். அந்த வரி சேர்ந்த நாளில் நம் இயக்கம் எதிலும் ஒரு கண்டனக் கூட்டம்கூட நடந்ததாக என் காதில் விழவில்லை.

தூங்குகிற தடை

இனி நான்காவது தடைக்கு வருகிறேன். இது நமக்காகவே போடப்பட்டது.

1891இல் செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர், பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். நிலம் இல்லாததுதான் அடிமைத்தனத்தின் வேர் என்பதை ஒரு வெள்ளைக்கார அதிகாரி கணக்குப்போட்டுச் சொன்னார். 1892இல் அரசு ஆணை வந்தது. தரிசு நிலங்கள் தாழ்த்தப்பட்டோருக்கு ஒப்படைக்கப்பட்டன. கூடவே நிபந்தனை. முதல் பத்து வருசம் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டோர் தவிர வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது. மீறினால் விற்பனை செல்லாது, அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மாகாணம் முழுக்க இப்படிக் கொடுக்கப்பட்டது 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லிவருகின்றன.

இதுவும் நிலத்தின் மீதான சட்டத் தடைதானே? ஏரிப் புறம்போக்கில் குடிசை போட்டால் செல்லாது என்பது எவ்வளவு சட்டமோ, பஞ்சமி நிலத்தில் மற்ற சாதிக்காரன் பண்ணை வீடு கட்டினால் செல்லாது என்பதும் அவ்வளவு சட்டம். முதல் தடைக்குப் புல்டோசர் வருகிறது, போலீஸ் வருகிறது, விடியற்காலையில் கரண்ட் வெட்டுகிறார்கள். இரண்டாவது தடைக்காக எந்தத் தாசில்தார் புல்டோசர் கொண்டுவந்தார்? பட்டா கணக்கைப் புதுப்பித்தபோது பஞ்சமி என்ற குறிப்பே விடுபட்டுப்போனது என்று ஊர் ஊராகப் புகார் இருக்கிறது. ஏரி உள்வாய் முப்பதடி ரோடாக மாறிய அதே மாயம்தான்.

அரசு தன் சொந்தத் தடையை நிறைவேற்ற வேண்டும் என்று கேட்டதற்கு நமக்குக் கிடைத்தது என்ன? காரணை பஞ்சமி நிலத்துக்காக எழுந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். சட்டத்தை மீறியதற்காக அல்ல, சட்டத்தை நடத்து என்று கேட்டதற்காக.

ஏரியைக் காப்பதும் பஞ்சமியை மீட்பதும் ஒரே வேலை என்பதை இங்கேதான் பார்க்கிறேன். பஞ்சமி நிலம் நம் கையில் இருந்திருந்தால் இத்தனை பேர் ஏரிக்கரைக்கு வந்திருக்க மாட்டோம். ஒரு தடையைத் தூங்கவிட்டு நம்மைப் புறம்போக்குக்குத் தள்ளினார்கள். இன்னொரு தடையை எழுப்பி அங்கிருந்தும் துரத்துகிறார்கள்.

இனி என்ன செய்வது

தடையை எதிர்க்கிற பேச்சை நாம் விட வேண்டும். சதுப்பு மூடப்பட்டால் முதலில் தண்ணீர் ஏறுவது பள்ளத்தில் இருக்கிற சேரியில்தான். நிலத்தடி நீர் உப்பானால் முதலில் குடம் தூக்கி நடப்பது நம் பெண்கள்தான். அடுக்குமாடிக்காரன் லாரித் தண்ணீர் வாங்குவான். நாம் எதை வாங்குவது? ஆகவே ஏரியும் சதுப்பும் கடற்கரையும் காக்கப்பட வேண்டும் என்று உரக்கச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். சொல்லிவிட்டு, கூடவே இதையும் சொல்ல வேண்டும்.

ஒன்று. நடவடிக்கை பெரிதிலிருந்து தொடங்கட்டும். ஒவ்வொரு நீர்நிலைக்கும் யார் எத்தனை ஏக்கர் பிடித்திருக்கிறார்கள் என்ற பட்டியலைப் பரப்பளவு வரிசையில் வெளியிடு. அரசுக் கட்டடமும் குப்பைமேடும் அந்தப் பட்டியலில் வரட்டும். கடைசி வரிசையில் இருக்கிற குடிசையிடம் கடைசியில் வா.

இரண்டு. மாற்று வீடு முதலில், வெளியேற்றம் பிறகு. அந்த வீடு வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும். இன்னொரு நீர்வழியில் இருக்கக் கூடாது.

மூன்று. பொது நில ஆக்கிரமிப்பு வழக்குகளில் எல்லாரும் தூக்கிக் காட்டுவது 2011 ஜனவரியில் உச்சநீதிமன்றம் கொடுத்த ஜக்பால் சிங் தீர்ப்பு. ‘எல்லா மாநிலங்களும் ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும்’ என்ற பகுதியை மட்டும் படிப்பார்கள். அதே தீர்ப்பில் விதிவிலக்கும் சொல்லியிருக்கிறது. அரசு அறிவிக்கையின்படி நிலமற்ற கூலிகளுக்கோ பட்டியல் சாதி, பழங்குடியினருக்கோ குத்தகைக்குக் கொடுத்த நிலம், பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ ஏற்கெனவே இருக்கிற இடம் போன்ற சில நேர்வுகளில் வரன்முறை செய்யலாம் என்கிறது. வாசல் சின்னதுதான். ஆனால் வாசல் இருக்கிறது. சட்டம் படிக்கிற நம் மாணவர்கள் இந்தப் பகுதியைக் கையில் வைத்துக்கொண்டு, சேரிக்கு நோட்டீஸ் வந்த அன்றைக்கே போய் நிற்க வேண்டும்.

நான்கு. நீர்நிலை சர்வே எண்களையும் பஞ்சமி சர்வே எண்களையும் பதிவுத்துறைக் கணினியில் ஒன்றாகப் பூட்டு. இரண்டிலும் பத்திரம் பதியக் கூடாது. பட்டா கணக்கைப் புதுப்பிப்பதற்கு முந்தைய பழைய அ-பதிவேட்டைப் பார்க்காமல் எந்த வங்கியும் வீட்டுக்கடன் கொடுக்கக் கூடாது என்று விதி போடு. வங்கிக்குள் உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன், இது முடியாத காரியம் இல்லை. பழைய பதிவேட்டின் ஒரு பக்க நகலைக் கட்டில் சேர்த்தால் போதும்.

சட்டத்தில் இருந்தால் நடந்துவிடுமா என்று தோழர்கள் கேட்கலாம். நடக்காது. 1923இல் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம், பொதுக் குளங்களும் கிணறுகளும் தீண்டப்படாதவர்களுக்கும் உண்டு என்றது. மகாட் நகராட்சியும் தன் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. காகிதத்தில் குளம் திறந்து கிடந்தது, ஒருவரும் அதில் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20இல் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய் அந்தச் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அதற்குப் பிறகும் அடிதடி, தீட்டுக் கழிப்பு, வழக்கு. 1937இல்தான் உயர்நீதிமன்றத்தில் வழக்கு முடிந்தது. தீர்மானம் இல்லாமல் நடந்திருந்தால் அத்துமீறல் என்று சொல்லியிருப்பான். நடக்காமல் தீர்மானம் மட்டும் இருந்திருந்தால் கரையான் அரித்திருக்கும். இரண்டும் வேண்டியிருந்தது.

நம் ஊரில் இன்றைக்கு நடக்க வேண்டிய தூரம் தாலுகா ஆபீசு வரைக்கும்தான். இன்றைய அ-பதிவேட்டு விவரம் இணையத்தில் கிடைக்கிறது. பழைய பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தச் சர்வே எண்ணில் ஏரி காணாமல் போனது, எந்தச் சர்வே எண்ணில் பஞ்சமி காணாமல் போனது என்று சிவப்பு மையில் வட்டம் போடுங்கள். கல்லூரி மாணவர்கள் ஊருக்கு இரண்டு பேர் இருந்தால் போதும், ஒரு கோடை விடுமுறையில் ஒரு தாலுகாவை முடித்துவிடலாம். அந்த வட்டம் போட்ட நகல்களோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசு குறைதீர் நாளில் வரிசையில் நிற்போம். அங்கே கேட்பதற்கு ஒரு கேள்விதான் இருக்கிறது. எங்கள் குடிசைக்கு நோட்டீஸ் ஒட்டிய அதே பசை டப்பாவைத் தூக்கிக்கொண்டு, இந்தச் சிவப்பு வட்டத்துக்குள்ளே எப்ப சார் போறீங்க?